கரும்பின் கணக்கை எழுதிய அம்மையார்

பொங்கலன்று நம் வீட்டு வாசலில் கரும்பு சாத்தி வைக்கிறோம். மைசூரில் இருக்கிற நமக்கு அன்றைக்கு இரட்டை இனிப்பு. காலையில் நம் சர்க்கரைப் பொங்கல்; சாயங்காலம் கன்னடத்து அண்டை வீட்டார் எள், வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்து, கூடவே ஒரு கரும்புத் துண்டும் வைத்துக் கொண்டுவந்து தரும் 'எள்ளு பெல்ல'. பண்டிகைக்குப் பெயர் இரண்டானாலும் கரும்பு ஒன்றுதான். அந்தக் கரும்பு எங்கிருந்து வந்தது, அதன் தாய் தகப்பன் யார் என்று ஆராய்ந்து எழுதிய ஒரு பெண்மணியைப் பற்றி நம் சங்க மலரில் எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்தான் தாவர விஞ்ஞானி இ. கே. ஜானகி அம்மாள்.

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக மைசூர் வந்து, நாற்பது வருஷமாக வெல்ல வியாபாரம் செய்பவன். மூட்டையைப் பிரித்து, ஒரு துண்டை உடைத்து, நிறம் பார்த்து, வாயில் போட்டு, 'இது மண்டியா சரக்கு' என்று சொல்கிற அளவுக்கு வெல்லம் தெரியும். வெல்லத்துக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம், கடை சாத்திய பிறகு ராத்திரியில் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

இந்த அம்மையாரைப் பற்றி இப்போது கைப்பேசியில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றி வருகிறது. 'இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் ஜானகி அம்மாள். அவருக்கு முன்னால் நம்ம கரும்பு இனிக்கவே இல்லை' என்று. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரியின் புத்தி முதலில் கணக்கைக் கேட்கும். ஒருவர் பேரில் இல்லாத வரவை எழுதுவது தப்பு. இருக்கிற வரவை எழுதாமல் விடுவதும் தப்பு. அம்மையார் செய்தது எது, அவருக்கு முன்பே இருந்தது எது என்று பிரித்துப் பார்த்தால் அவருடைய பெருமை குறையாது, கூடத்தான் செய்யும். அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் படிப்பும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். அப்போது மலபார், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பகுதி. தந்தையார் இ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் அதிகாரி. இயற்கையில் ஈடுபாடு மிக்கவர், பறவைகளைப் பற்றி எழுதியவர். குடும்பமோ மிகப் பெரியது. உடன்பிறந்த பெண்கள் ஒவ்வொருவராக மணம் முடித்துப் போக, இவர் மட்டும் படிப்பைத் தேர்ந்துகொண்டார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

சென்னை இராணி மேரிக் கல்லூரியில் படித்து, 1921ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் இருந்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை என்று ஒன்று 1917 முதல் உண்டு. அதைப் பெற்று 1924ல் கப்பலேறினார். முதுகலை முடித்துத் திரும்பி, மீண்டும் சென்று, 1931ல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் கூறுவார்கள். நம் பாட்டிமார் காலத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். திண்ணையைத் தாண்டிப் போவதற்கே ஆயிரம் கேள்வி கேட்ட காலம் அது.

அவர் மிச்சிகனில் ஆராய்ந்த செடிகளில் நம் கத்தரிக்காயும் ஒன்று. திரும்பி வந்து 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பிறகு வந்தது கோயம்புத்தூர்.

ஏற்கெனவே இருந்த இருப்பு

புதுக் கணக்குப் போடும்போது முதலில் தொடக்க இருப்பை எழுதுவோம். கோயம்புத்தூரின் தொடக்க இருப்பு இது.

உலகில் பயிரிடும் கரும்பில் தடித்த, சாறு நிறைந்த, மிக இனிப்பான இனம் ஒன்று உண்டு. அது நியூ கினி பக்கத்திலிருந்து பரவியது. நம் வடநாட்டில் பழைய நாளிலிருந்து இருந்தது மெல்லிய கரும்பு. அது குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் மகசூல் குறைவு. தடித்த கரும்போ வடக்கே போனால் தாங்காது, நோயும் எளிதில் பிடிக்கும். அதனால் கரும்பு பிறந்து வளர்ந்த தேசமே ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு வழிகாண 1912ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். நாம் கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம். விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணை வைத்தால் தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. புது வகை வேண்டும் என்றால் பூ பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை உண்டாக வேண்டும். கோயம்புத்தூர்ச் சீதோஷ்ணத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதையும் பிடிக்கும். அதுதான் காரணம்.

அந்த நிலையத்தில் பார்பர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் (உதவித்தொகை பார்பர் வேறு, இவர் வேறு) அவருடன் பணிபுரிந்த தி. சு. வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை, ஆற்றங்கரையில் தானே முளைத்து வெண்பூ ஆட்டி நிற்கும் நாணலோடு சேர்த்தார்கள். நாணலில் சர்க்கரை என்று சொல்லத் தக்கது இல்லை. மாட்டுக்குக்கூட இளசாக இருந்தால்தான் ஆகும். மண்டிக்கு யாராவது நாணல் கொண்டுவந்தால் நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்! ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும் வலு அதனிடம் இருந்தது. அந்தக் கலப்பில் பிறந்த 'கோ 205' 1918ல் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அடுத்தடுத்து வந்த கோ வகைகள் வட இந்தியா முழுவதும் பரவின. 1932ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சுமார் 30 ஆக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130ஐத் தாண்டின. நமக்கு அருகில் மண்டியாவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி 1933ல் தோன்றியதும் இதே அலையில்தான். கண்ணம்பாடி அணைத் தண்ணீர் கால்வாயில் வர, மண்டியா கரும்புச் சீமை ஆயிற்று.

ஜானகி அம்மாள் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்தது 1934ல். அதாவது, கோ 205 வந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகையால் 'அவர்தான் கரும்பை இனிப்பாக்கினார்' என்ற வரவு பார்பர், வெங்கட்ராமன் பேரில் எழுதவேண்டியது. அப்படியானால் அம்மையார் பேரில் எழுதவேண்டியது என்ன?

குரோமோசோம் என்னும் கணக்கு

கலப்பு செய்தவர்கள் கைக்கு நல்ல சரக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சரக்குக்குள் என்ன இருக்கிறது, ஒரு கலப்பு ஏன் பலிக்கிறது, இன்னொன்று ஏன் பலிக்கவில்லை என்பது பெரும்பாலும் இருட்டு. அந்த இருட்டில் விளக்கு ஏற்றும் வேலை குரோமோசோம் எண்ணுவது.

படிக்காத எனக்குப் புரிந்த முறையில் சொல்கிறேன். எந்த உயிரின் உடம்பும் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உண்டு. குலத்தின் குணங்கள் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கின்றன. மனிதருக்கு 46, மக்காச்சோளத்துக்கு 20. செடியின் இளம் வேர்நுனியை எடுத்து, மருந்தில் பதப்படுத்தி, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணவேண்டும். ஒன்று விட்டாலும் கணக்குத் தப்பு. கண் வலிக்கும், கழுத்து வலிக்கும் வேலை. நாளெல்லாம் எண்ணினாலும் விளம்பரம் கிடைக்காது.

சாதாரணமாக ஓர் உயிருக்குத் தாய் வழியில் ஒரு தொகுதி, தகப்பன் வழியில் ஒரு தொகுதி என்று இரண்டு தொகுதி. செடிகளில் சில சமயம் மூன்று, நான்கு, எட்டு என்று தொகுதிகள் பெருகிவிடும். பெருகினால் இலை, பூ, காய் பருத்து வருவதுண்டு. ஒற்றைப்படையாகப் பெருகினால் ஜோடி சேராமல் விதை உண்டாகாது. நம் வாழைப்பழம் அப்படித்தான். காட்டு வாழைக்குப் பதினொன்று பதினொன்றாக இரண்டு தொகுதி, பழம் நிறைய விதை. பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் மூன்று தொகுதி, மொத்தம் 33, விதை இல்லை. இந்தப் பூவனை உலகத்து வாழை நூல்களில் 'மைசூர்' வகை என்றே குறிப்பிடுகிறார்கள் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை.

கோயம்புத்தூரில் ஐந்து ஆண்டுகள்

கரும்பின் கணக்கு வாழையைவிடச் சிக்கலானது. தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம். நாணலுக்கு இடத்துக்கு இடம் வேறு. இன்றைய கணக்கில் 40 முதல் 128 வரை. கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணலுக்கு 64. தாயில் பாதி 40, தகப்பனில் பாதி 32, ஆக 72 வரவேண்டும் என்று நாம் கூட்டுவோம். வருவதோ 112! தாய்க் கரும்பு, தன் பங்கில் பாதியைக் கொடுக்காமல் 80ஐயும் அப்படியே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. இந்த விந்தையை ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் முன்பே கண்டிருந்தார். இப்படி ஒரு தாய் இருக்கும்போது சாதாரண வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு கரும்பின் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு வகையையும் எடுத்துத் தனித்தனியாக எண்ணியே தீரவேண்டும்.

அம்மையார் எண்ணினார். இந்தியாவின் பல பகுதிகளில் விளையும் நாணல் வகைகளை ஆராய்ந்தார். பார்வைக்கு ஒரே புல்லாக இருக்கும் நாணலுக்குள் எத்தனை பேதங்கள், எந்த இடத்தில் எந்த எண்ணிக்கை என்று எழுதினார். 1936ல் வெளிவந்த அந்த ஆய்வு இந்திய நாணலைப் பற்றிய அடிப்படை நூல்களுள் ஒன்று. கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்து உண்டாக்கிய கலப்பைப் பற்றி 1938ல் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் எழுதினார். புல் குடும்பத்தில் வெவ்வேறு கிளையைச் சேர்ந்த இரண்டும் ஒன்று சேரும் என்பது அந்நாள் அறிஞர்களுக்கே வியப்பு.

இந்தக் கணக்கு இருந்தால்தான் அடுத்த தலைமுறையினர், எந்தக் காட்டு வகையை எந்தக் கரும்போடு சேர்ப்பது என்று கண்ணைத் திறந்துகொண்டு தேர்வு செய்யமுடியும். மண்டியாவில் வெகுகாலம் பேர்பெற்ற கோ 62175, இன்று தென்னாட்டில் பரவலாக இருக்கும் கோ 86032 எல்லாம் பிறகு வந்தவை. 62, 86 என்பது அவை தேர்வான ஆண்டு. இவற்றை அம்மையார் உண்டாக்கவில்லை. ஆனால் இவற்றின் உடம்பிலும் நாணலின் இரத்தம் ஓடுகிறது. யாரும் விலை கேட்காத அந்தப் புல்லுக்குக் கரும்புக் குடும்பத்தில் உள்ள உறவை எண்ணிக் காட்டியவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்பவர். அவர் பேரில் எழுதவேண்டிய வரவு இதுதான். சின்ன வரவா இது?

1934ல் சர் சி. வி. இராமன் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே, 1935ல், ஜானகி அம்மாள் அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதே இராமன் 1933ல் கமலா என்ற பெண்ணை, பிற்காலத்து உயிர்வேதியியல் அறிஞர் கமலா சோஹோனியை, பெண் என்பதற்காகவே ஆய்வு மாணவியாகச் சேர்க்கத் தயங்கியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அக்காலத்துக் கதவுகள் பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தன.

கோயம்புத்தூரிலும் அப்படித்தான். அவர் தீயர் சமூகத்தில் பிறந்தவர், பெண், தனியாக வாழ்பவர். ஆண் அதிகாரிகள் நிறைந்த நிலையத்தில் அவருடைய நாட்கள் எளிதாக இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1939ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். மாநாட்டுச் சமயத்தில் போர் மேகம் சூழ்ந்து, இரண்டாம் உலகப்போர் வெடித்தது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கினார்.

குண்டு மழையில் ஒரு பேரேடு

1940 முதல் 1945 வரை லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணி. ராத்திரி ஜெர்மன் விமானம் குண்டு போடும். கட்டிலுக்கு அடியில் பதுங்குவது. விடிந்ததும் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது. இப்படித் தாம் இருந்த கதையை அவர் பிற்காலத்தில் உறவினர்களிடம் சொன்னதுண்டு.

அந்தச் சூழ்நிலையில்தான் சி. டி. டார்லிங்டன் என்ற பேரறிஞரோடு சேர்ந்து, உலகில் மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்தார். 1945ல் அது நூலாக வெளிவந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு பேரேடு. நெல், கோதுமை, காய்கறி, பழமரம், பூச்செடி என்று ஆயிரக்கணக்கான பயிர்களுக்குத் தனித்தனிப் பக்கம் போட்டு, இதற்கு இத்தனை என்று பதிந்த பேரேடு. ஒரு புதுப்பயிரை உண்டாக்க நினைப்பவர் முதலில் புரட்டவேண்டிய புத்தகமாக அது விளங்கியது.

போருக்குப் பின் 1951 வரை விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத் தோட்டத்தில் வேலை. அங்கே மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் என்ற மருந்து வைத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். மக்னோலியா வேறு யாருமில்லை, நம் செண்பகத்தின் உறவு. கால்சிசினும் நமக்கு அந்நியமில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது உண்டு. அம்மையார் வளர்த்த மக்னோலியாவில் ஒரு வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தாயகத்தில்

1951ல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். 1890ல் தொடங்கி, பிறகு நலிந்து கிடந்த இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். நம் காட்டுச் செடிகளை வெள்ளைக்காரர் சேகரித்துக் கொண்டுபோய், கியூ தோட்டத்தில் வைத்துப் பெயரிட்ட காலம் போய், நம் செடியை நம் மண்ணில் நம்மவர்களே ஆராயவேண்டும் என்பது அவர் எண்ணம்.

1955ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் இப்பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி உலக அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண் ஜானகி அம்மாள். அங்கே அவர் பேசியது இந்தியாவின் எளிய மக்கள், மலைவாழ் மக்கள் உண்டு வாழும் பயிர்களைப் பற்றி. சந்தைக்கு வராத பயிருக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அவர் மறக்கவே இல்லை. கோயம்புத்தூர் நாணல் அவருக்குக் கற்பித்த பாடம் அது என்று நான் கருதுகிறேன்.

பிறகு ஜம்முவில் ஆராய்ச்சி, சிறிது காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம். 1970ல் சென்னை வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் களஆய்வுக்கூடத்தில் தங்கி மூலிகைகளை ஆராய்ந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது மதுரவாயலைத் தாண்டாத நம்மவர் உண்டா? அங்கேதான், மஞ்சள் புடவை உடுத்து, மிக எளிய வாழ்க்கை நடத்தினார் அந்த உலக அறிஞர். 1977ல் அரசு பத்மஸ்ரீ வழங்கியது. தம்மைப் பற்றி எழுதுவதை அவர் விரும்பவில்லை. வேலை நின்றால் போதும் என்பார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காடு மாவட்டத்தில், குந்திப்புழை ஆறு பாயும் அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. சைலண்ட் வேலி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1970களில் அங்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் வந்தது. பழம்பெரும் மழைக்காடு நீரில் மூழ்கிவிடும் நிலை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவை அறிஞர் சாலிம் அலி போன்றோர் எதிர்த்து எழுந்தார்கள்.

எண்பது வயதை நெருங்கிய ஜானகி அம்மாள் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யத் துணிந்தார். மூழ்கப்போகும் அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம் கணக்கை எடுப்பது! கூட்டத்தில் பேசுவதைவிட, போகப்போவது என்ன என்று பட்டியல் போட்டுக் காட்டுவது வலுவானது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். சரக்கு எரிந்தபின் நஷ்டக்கணக்கு எழுதுவதற்கும், எரியுமுன் இருப்பு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் வியாபாரிகளுக்குத் தெரியும்.

இதில் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நஞ்சன்கூட்டைக் காட்டலாம். நம் ஊருக்கு அடுத்த நஞ்சன்கூடு ரசபாளேப் பழத்தின் மணம் தெரியாதவர் இல்லை. ரஸ்தாளியின் இனம் அது. விதை கிடையாது, கன்று வைத்தே வளரும், எல்லா மரமும் ஒரே அச்சு. வாடல் நோய் வந்தபோது ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. தோட்டம் தோட்டமாக அழிந்து, இன்று தேடித்தான் வாங்கவேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் நோய் தாங்கும் வலுவைத் தேடி விஞ்ஞானிகள் போகும் இடம் காட்டு உறவுகள்தான். காடு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் சமண மரபில் புல்லும் மரமும் தொடு உணர்வு உள்ள ஓரறிவு உயிர்கள். தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை வகுக்கும்போது அங்கிருந்துதான் தொடங்குகிறது. கீழே மிதிபடும் புல்லையும் உயிர்க்கணக்கில் சேர்த்துக்கொண்ட மரபு நம்முடையது. அம்மையார் நுண்ணோக்கி வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று எனக்குத் தோன்றும்.

அணைத் திட்டம் 1983ல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் அம்மையார் மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்றது

ஜம்முவில் உள்ள தாவரக் காப்பகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. தாவரங்களை வகைப்படுத்தும் அறிஞர்களுக்கு மத்திய அரசு 1999 முதல் அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. ஜான் இன்னஸ் நிலையம் வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு 2018ல் அவர் பெயரில் உதவித்தொகை தொடங்கியது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதியர், தாம் உண்டாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

மைசூர்ச் சீமைக்கும் இந்தக் கதையில் ஒரு கிளை உண்டு. 1922ல் நஞ்சன்கூட்டில் பிறந்த ராஜேசுவரி என்ற பெண், மைசூர் இராச்சியத்தின் முதல் பெண் பட்டதாரிகளுள் ஒருவரான தம் பாட்டி கமலம்மா தாசப்பாவின் ஊக்கத்தில் படித்து வந்தவர். அவர் 1947ல் அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதே பார்பர் உதவித்தொகையும் பெற்றார். 1953ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் நுண்ணலைப் பொறியியல் பேராசிரியரானார். ராஜேசுவரி சாட்டர்ஜி என்று உலகம் அறியும். 2010ல் மறைந்தார். தலச்சேரிப் பெண் நடந்த வழியில் கால் நூற்றாண்டுக்குள் நஞ்சன்கூட்டுப் பெண்ணும் நடந்தார். ஒருத்தி போட்ட பாதை இன்னொருத்திக்கு உதவும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நாம் பிள்ளைகளின் படிப்பை விலைவாசி பார்த்தே தீர்மானிக்கிறோம். அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நாளைக்குச் சம்பளம் வருமா என்று பார்க்காமல் இருக்கமுடியாது. ஆனாலும் இன்றைக்குச் சந்தையில் விலை இல்லாதது என்றைக்கும் விலை இல்லாதது ஆகிவிடாது. நாணலுக்கு ஒரு காலமும் விலை இருந்ததில்லை. அது இல்லாவிட்டால் என் மண்டியில் சரக்கும் இல்லை.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் பி.யூ.சி. முடித்த ஒரு பெண் இருக்கிறாள். மண்டியா வி.சி. பண்ணை வேளாண் கல்லூரியில் சேர்ந்து பயிர் ஆராய்ச்சி பக்கம் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் தகப்பனார் கடைக்கு வந்தபோது சொன்னார்: "அண்ணே, செடி கொடியைப் படிச்சு என்ன பண்ணப் போறா? கம்ப்யூட்டர் எடுத்தா நாலு வருஷத்துல கையில காசு பார்க்கலாம்." நான் ஜானகி அம்மாள் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பெரிய இடம்ணே, பார்க்கலாம்" என்று எழுந்து போனார்.

மறுநாள் அந்தப் பெண் வெல்லம் வாங்குகிற சாக்கில் வந்து, "தாத்தா, அப்பாகிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். வாயால் சொன்னதற்கு வலு போதவில்லை போலும் என்று நினைத்து, உட்கார்ந்து எழுதிவிட்டேன். மலர் கைக்கு வந்ததும் முதல் பிரதி அவர் வீட்டுக்குத்தான் போகும்.